புது ஸ்பீக்கர், பழைய அறை

ஹோம் தியேட்டர் ஸ்பீக்கர் வாங்கியவர்களிடம் "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால், முதல் பதில் பெரும்பாலும் தாழ்ந்த ஒலிக்கென்றே இருக்கும் பெட்டியான சப்வூஃபரைப் பற்றித்தான் வரும். ஜன்னல் அதிர்ந்தது, அலமாரிக் கதவு கடகடத்தது, நெஞ்சில் வந்து இடித்தது. எனக்கும் அதெல்லாம் நடந்தது. ஆனால் புது செட்டோடு கொஞ்சம் பழகிய பிறகு, யாராவது கேட்டால் நான் சொல்வது வேறு: படம் பார்க்கும்போது இப்போதெல்லாம் ரிமோட்டைத் தேடுவதில்லை.

பழைய நிலைமை உங்களுக்கும் தெரிந்திருக்கும். இரண்டு பேர் தாழ்ந்த குரலில் பேசுகிறார்கள், ஒன்றும் விளங்கவில்லை, வால்யூமை ஏற்றுகிறோம். அடுத்த நொடி ஒரு கார் மோதுகிறது, பதறிப்போய் இறக்குகிறோம். படம் முழுக்கக் கட்டைவிரலுக்கு வேலை. சொந்த மொழிப் படத்துக்கே சப்டைட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோமே என்ற எண்ணம்தான் என்னை இந்தச் செலவுக்குத் தள்ளியது.

வந்திருப்பது ஆடம்பரமான செட் ஒன்றுமில்லை. சாதாரண 5.1. முன்னால் இடமும் வலமும் அலமாரியில் வைக்கிற அளவில் இரண்டு பெட்டிகள். ஒவ்வொன்றிலும் தாழ்ந்த ஒலிக்கு ஆறரை அங்குல வூஃபர் ஒன்று, உயர்ந்த ஒலிக்கு ஒரு அங்குல ட்வீட்டர் ஒன்று. டிவிக்குக் கீழே படுத்த வாக்கில் சென்டர் ஸ்பீக்கர். பக்கவாட்டில் இரண்டு சின்னப் பெட்டிகள். தூக்கும்போது இடுப்பைப் பதம் பார்க்கிற 12 அங்குல சப்வூஃபர். இவற்றை எல்லாம் ஓட்ட ஒரு ஏ.வி. ரிசீவர். பெட்டிகளின் பளபளப்பான கறுப்புப் பூச்சு எனக்குப் பிடிக்கவில்லை. விளக்கை அணைத்துவிட்டுப் படம் போட்டால் திரையின் வெளிச்சம் அதில் மின்னிக்கொண்டே இருக்கிறது. இருட்டில் உட்கார்ந்து பார்ப்பதற்காக விற்கிற பொருளுக்குக் கண்ணாடி மாதிரி மேல்பூச்சு எதற்கு என்று தெரியவில்லை.

சரி, வசனத்துக்கு வருவோம். மெல்லிய டிவிகளில் ஸ்பீக்கர் நம்மைப் பார்த்து இருப்பதில்லை. கீழே பார்த்தோ பின்சுவரைப் பார்த்தோ இருக்கும். குரலின் உயிரெழுத்துகள் எப்படியாவது வந்து சேர்ந்துவிடும், அவற்றில் சக்தி அதிகம். மெய்யெழுத்துகள்தான் பாவம். அவற்றை அடையாளம் காட்டும் சத்தம் பெரும்பாலும் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே, மிகக் குறைந்த நேரத்துக்கு மட்டும் வந்து போவது. மேஜையிலும் சுவரிலும் முட்டி மோதி வரும்போது முதலில் அடிபடுவது அதுதான். "கல்" என்றாரா "பல்" என்றாரா என்று முழிப்பது இதனால்தான். வால்யூமை ஏற்றினால் உயிரெழுத்தும் சேர்ந்து ஏறுகிறது, தெளிவு மட்டும் ஏறுவதில்லை.

5.1 ஒலிப்பதிவில் வசனத்தின் பெரும்பகுதி சென்டர் சேனல் என்கிற தனி ஒலித்தடத்தில் இருக்கிறது. அந்தச் சேனலுக்கென்று ஒரு பெட்டி, ட்வீட்டர் நேராக என் காதைப் பார்த்தபடி. ரிசீவரில் அதன் அளவை மட்டும் ஓரிரு டெசிபெல் கூட்டவும் முடியும். இவ்வளவுதான் விஷயம். ஆனாலும் முதல் தடவை, மழைக்கு நடுவே ஒருவர் முணுமுணுக்கிற காட்சியில் மழையும் கேட்டது, முணுமுணுப்பும் புரிந்தது. அந்தக் காட்சியை நிறுத்தித் திரும்பப் போட்டுப் பார்த்தேன். வெடிகுண்டுக் காட்சி எதையும் அப்படித் திரும்பப் பார்க்கத் தோன்றவில்லை.

திரையரங்குகளில் சென்டர் ஸ்பீக்கர் வந்ததற்கான காரணமும் இதை ஒட்டியதுதான். இடமும் வலமும் இரண்டே ஸ்பீக்கர் இருந்தால், சரியாக நடுவில் இருப்பவருக்குத்தான் குரல் திரையின் நடுவிலிருந்து வருவதுபோல் தோன்றும். ஓரத்து இருக்கைக்காரருக்கு, பக்கத்து ஸ்பீக்கரின் ஒலி முந்திக்கொண்டு வந்து, நடிகர் அந்தச் சுவரோரம் நின்று பேசுவதுபோல் ஆகிவிடும். இரண்டு இடங்களிலிருந்து ஒரே ஒலி வந்தால் முதலில் வந்து சேர்வது எதுவோ அதன் திசையைத்தான் காது நம்பும். ஹெல்முட் ஹாஸ் என்ற ஜெர்மன் ஆய்வாளர் 1949இல் இதை ஆராய்ந்து எழுதினார். அதற்கும் முன்னால் 1931இல், ஆலன் பிளம்லைன் என்ற பிரிட்டிஷ் பொறியாளர் படம் பார்க்கப் போய், நடிகர் திரையின் ஒரு பக்கம் இருக்கக் குரல் இன்னொரு பக்கத்திலிருந்து வருகிறதே என்று எரிச்சலானதாகச் சொல்வார்கள். அந்த ஆண்டு டிசம்பரிலேயே ஸ்டீரியோவுக்கான காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிட்டார். எரிச்சலை இவ்வளவு உருப்படியாகப் பயன்படுத்தியவர்கள் குறைவு.

என் சென்டர் ஸ்பீக்கரில் ஒரு குறையும் உண்டு. நடுவில் ட்வீட்டர், இரு புறமும் ஒவ்வொரு வூஃபர் என்று படுக்கைவசமாக அமைந்த பெட்டி அது. டிவிக்குக் கீழே இடம் அவ்வளவுதான் என்பதால் பலரும் இப்படித்தான் செய்கிறார்கள். நேர் எதிரே உட்கார்ந்தால் பிரச்சினை இல்லை. 30 டிகிரி தள்ளி உட்கார்ந்தால் ஒரு வூஃபர் நமக்குக் கொஞ்சம் அருகில், இன்னொன்று தொலைவில். வூஃபர்களின் மையங்களுக்கு இடையே 36 செ.மீ. இருந்தால் பாதை வித்தியாசம் 18 செ.மீ. கிட்டத்தட்ட 950 ஹெர்ட்ஸில் அது சரியாக அரை அலைநீளம். அங்கே இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். குரலின் நடுமையத்தில் விழுகிற பள்ளம் இது. சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தால் குரல் கொஞ்சம் ஒல்லியாகக் கேட்கிறது. விருந்தாளிகள் யாரும் இதைக் கவனித்ததில்லை, நானும் சொல்லிக்கொடுப்பதில்லை.

இனி சப்வூஃபர். 5.1இல் உள்ள அந்த ".1" என்பது சப்வூஃபரைக் குறிக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது ஒலிப்பதிவிலுள்ள ஒரு சேனல். 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை மட்டும் சுமப்பது, அதனால்தான் முழு எண் இல்லாமல் பின்னம். சப்வூஃபர் என்கிற பெட்டிக்கு அந்தச் சேனல் மட்டும் போவதில்லை. மற்ற ஐந்து பெட்டிகளாலும் சமாளிக்க முடியாத தாழ்ந்த ஒலிகளையும் ரிசீவர் பிரித்தெடுத்து அங்கேதான் அனுப்புகிறது. எங்கே பிரிப்பது என்பதுதான் கிராஸ்ஓவர். 80 ஹெர்ட்ஸ் என்பது வெகுகாலமாகப் புழங்கும் எண். அதற்குக் கீழே ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதால் எளிதில் கண்டுபிடிக்க முடியாது என்பதே காரணம். ரிசீவர் மெனுவில் ஸ்பீக்கர்களை "லார்ஜ்" என்றும் "ஸ்மால்" என்றும் வகைப்படுத்தச் சொல்லும். "ஸ்மால்" என்றால்தான் தாழ்ந்த ஒலி சப்வூஃபருக்குப் போகும், எனவே கௌரவம் பார்க்காமல் எல்லாவற்றையும் அப்படியே வைத்துவிடுவது நல்லது. ஆறரை அங்குல வூஃபருக்கு 30 ஹெர்ட்ஸை ஊட்டுவதில் யாருக்கும் லாபமில்லை.

முதலில் சப்வூஃபரை வசதிக்காக மூலையில் வைத்திருந்தேன். போட்டதும் வந்தது பிரமாண்டமான பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி. அடுத்த காட்சியிலும் பிரமாண்டம். அதற்கடுத்த காட்சியில்தான், எது வந்தாலும் ஒரே சுருதியில் "பூம்" என்று முழங்குகிறது என்று உறைத்தது. கதவு சாத்தினாலும் பூம், டிரம் அடித்தாலும் பூம், லாரி போனாலும் பூம். அது ஸ்பீக்கரின் குரல் இல்லை. அறையின் குரல்.

கணக்கு எளிது. ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர். அதை அறை நீளத்தின் இரட்டிப்பால் வகுத்தால், அந்த நீளவாக்கில் அறை தானாகவே ஒத்ததிர்கிற முதல் அதிர்வெண் கிடைக்கும். என் அறை 5 மீட்டர் நீளம். 343ஐ 10ஆல் வகுத்தால் 34.3, அதாவது ஏறத்தாழ 34 ஹெர்ட்ஸ். அதன் இரண்டு மடங்கு ஏறத்தாழ 69, மூன்று மடங்கு 103 என்று ஏறிக்கொண்டே போகும். அகலத்துக்கும் உயரத்துக்கும் தனித்தனிக் கணக்கு. மூலையில் வைத்த சப்வூஃபர் இவை எல்லாவற்றையும் ஒருசேரத் தூண்டிவிடும். கேட்பவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதும் முக்கியம். சுவரோரம் எல்லா அதிர்வெண்ணும் பெருகும். அறையின் சரிபாதியில் 34 ஹெர்ட்ஸ் காணாமலே போய்விடும், 69 பெருகும். நம்பாவிட்டால் ஒரே சீரான 34 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு அறைக்குள் நடந்து பாருங்கள். சுவரோரம் உறுமல், நடுவில் யாரோ அணைத்துவிட்டதுபோல் அமைதி. இந்த முழு அனுபவத்திலும் எனக்கு மிகப் பிடித்த விளையாட்டு இதுதான்.

சப்வூஃபருக்கு இடம் பிடிக்க ஒரு பழைய வழி உண்டு, கொஞ்சம் கோமாளித்தனமானது. சப்வூஃபரைத் தூக்கி நாம் உட்காரும் இடத்தில் வைத்துவிட்டு, பேஸ் கிட்டாரின் சுரங்கள் வரிசையாக ஏறி இறங்கும் ஏதாவது ஒரு இசையை ஓடவிட வேண்டும். அப்புறம் சுவரோரமாக முட்டிபோட்டு ஊர்ந்துபோய், எந்த இடத்தில் எல்லாச் சுரமும் ஒரே அளவில் கேட்கிறதோ அங்கே சப்வூஃபரை வைக்க வேண்டும். பெட்டியும் காதும் இடம் மாறினாலும் அவற்றுக்கு இடையே அறை செய்வது மாறாது என்பதால் இது பலிக்கிறது. வீட்டிலிருப்பவர்கள் பார்க்கும்படி செய்யாமலிருப்பது உத்தமம். எனக்குக் கிடைத்த இடம் முன்சுவரில், இடப்பக்க ஸ்பீக்கருக்குச் சற்று உள்ளே. சோபாவையும் பின்சுவரிலிருந்து அரை மீட்டர் முன்னால் இழுத்தேன். பேஸின் அளவு குறைந்தது. டிரம் டிரம்மாகவும் லாரி லாரியாகவும் கேட்கத் தொடங்கியது. சோபாவை இழுத்ததற்குச் செலவு ஒன்றுமில்லை; அது தந்த வித்தியாசத்தை எந்த ஒயராலும் தர முடியாது.

இடம் பிடித்த பிறகுதான் ரிசீவரோடு வந்த மைக்கை எடுத்தேன். காது இருக்கும் உயரத்தில் அதை வைத்தால் ஒவ்வொரு ஸ்பீக்கரிலிருந்தும் விசில் மாதிரியோ இரைச்சல் மாதிரியோ ஒலி எழுப்பி, தூரம், அளவு, அறையின் குணம் எல்லாவற்றையும் ரிசீவர் கணக்கிடுகிறது. சப்வூஃபர் இருக்கும் தூரத்தை உண்மையைவிட மீட்டர் கணக்கில் கூட்டிக் காட்டும், அது பிழையில்லை. சப்வூஃபருக்குள் இருக்கும் மின்சுற்று ஒலியைச் சில மில்லிநொடி தாமதப்படுத்துகிறது, ஒரு மீட்டர் தூரத்துக்கு ஒலி எடுத்துக்கொள்வது கிட்டத்தட்ட 3 மில்லிநொடி, ஆகவே ரிசீவர் அந்தத் தாமதத்தைத் தூரமாகக் கணக்கில் எடுக்கிறது. டேப் வைத்து அளந்து திருத்தினால் கெட்டுவிடும். மைக் கருவிகளின் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். முழங்குகிற அதிர்வெண்ணை அவற்றால் வெட்டிக் குறைக்க முடியும். அறை விழுங்கிவிட்ட அதிர்வெண்ணை நிரப்ப முடியாது. அங்கே எவ்வளவு சக்தியைக் கொட்டினாலும், அதே அளவு எதிர் அலையும் சேர்ந்து கூடும். அதனால்தான் முதலில் இடம், பிறகு மைக்.

ரிசீவரின் வால்யூம் மைனஸ் 28, மைனஸ் 25 என்று எதிர்மறை எண்ணில் ஓடுவது புதிதாக வருபவர்களைக் குழப்பும். அளவீடு செய்த பிறகு 0 என்பது திரையரங்கின் நிர்ணய அளவு: ஒவ்வொரு முதன்மைச் சேனலும் உச்சத்தில் 105 டெசிபெல் வரை போகலாம், அந்த ".1" சேனல் 115 வரை. வீட்டில் நான் மைனஸ் 20ஐத் தாண்டுவதே அபூர்வம். அந்த அளவில் ஸ்பீக்கர் கேட்கும் சராசரி சக்தி ஒன்றிரண்டு வாட்டைத் தாண்டாது. அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கும் வாட் கணக்கைப் பார்த்து யாரும் மயங்க வேண்டாம். இரண்டு மடங்கு வாட் கொடுத்தால் கூடுவது 3 டெசிபெல். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபெல் வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட்.

புது ஸ்பீக்கரையும் பழையதையும் ஒப்பிட்டுப் பார்க்கிறவர்களுக்கு இங்கே ஒரு பொறி காத்திருக்கிறது. சத்தம் கூடினால் பேஸ் மட்டும் கூடுதலாகக் கூடியதுபோல் காது உணரும். குறைந்தால் பேஸ் முதலில் மறையும். ஒலி ஆய்வாளர்கள் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933லேயே வளைகோடு வரைந்து காட்டிய விஷயம். எனவே இரண்டில் எது துளி சத்தமாக ஓடுகிறதோ அது "நிறைவாக" இருப்பதாகத் தோன்றும். கண்ணும் தன் பங்குக்கு ஏமாற்றும். 1994இல் ஃப்ளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் என்ற ஒலி ஆய்வாளர்கள் ஒரே ஸ்பீக்கர்களை மறைத்து வைத்தும் காட்டியும் கேட்கச் செய்து மதிப்பெண் வாங்கினார்கள். காட்டியபோது பெரிய, கம்பீரமான பெட்டிகளுக்கும் சின்ன பிளாஸ்டிக் பெட்டிகளுக்கும் இடையே இருந்த இடைவெளி, மறைத்தபோது சுருங்கிவிட்டது. நான் என் காசைக் கொடுத்து வாங்கி, கறுப்பாகப் பளபளக்க எதிரே வைத்துக்கொண்டு எழுதுகிறேன் என்பதை இந்தக் கட்டுரையைப் படிக்கும்போது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

"ஓட ஓடத்தான் ஸ்பீக்கர் பழகும்" என்றும் சொல்வார்கள். வூஃபரின் ரப்பர் விளிம்பு கொஞ்சம் தளர்வது உண்மைதான். ஆனால் என் கணிப்பில் அதிகம் பழகுவது நம் காது. இதற்கு முன் டிவியோடு வைத்திருந்த சவுண்ட்பார் என்கிற ஒற்றை நீளப் பெட்டியின் கூர்மையான ஒலிக்குப் பழகிப்போன எனக்கு, முதலில் இந்த ஸ்பீக்கர்கள் மந்தமாகவே கேட்டன. ட்ரெபிளை ஏற்றத் தோன்றியது. கை வைக்காமல் விட்டேன். பிறகு ஒருமுறை வேறொரு அறையில் அந்தப் பழைய சவுண்ட்பாரைக் கேட்டபோது தகரத்தைத் தட்டுவதுபோல் இருந்தது. சவுண்ட்பார் மாறியிருக்க வழியில்லை.

பக்கவாட்டு ஸ்பீக்கர்களைப் பற்றிச் சொல்லக் கொஞ்சம்தான் இருக்கிறது, இருக்க வேண்டியதும் அப்படித்தான். தலைக்கு நேர் முன்னால் பூஜ்யம் என்று வைத்தால் 100 முதல் 120 டிகிரிக்குள் அவற்றை வைக்கச் சொல்கிறது சர்வதேசப் பரிந்துரை. அதாவது காதுக்குச் சற்றுப் பின்னால். வாங்கிய புதிதில் அவை வேலை செய்கின்றனவா என்று அடிக்கடி சந்தேகம் வரும். அளவைக் கூட்டிவிட வேண்டும் என்று கை பரபரக்கும். கூட்டினால் கதவு திறக்கும் சத்தத்துக்கெல்லாம் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருப்போம். அவை நிஜமாகவே எதுவும் பாடவில்லை என்றால் டிவியின் ஒலி அமைப்பைப் பாருங்கள். டிவியிலிருந்து ரிசீவருக்கு ஒலி போகிற அமைப்பில், டிஜிட்டல் வெளியீடு "பி.சி.எம்." என்று இருந்தால் ஏ.ஆர்.சி. (எச்.டி.எம்.ஐ. கேபிளிலேயே டிவியின் ஒலி ரிசீவருக்குத் திரும்பும் வசதி) வழியாகவும் ஆப்டிக்கல் கேபிள் வழியாகவும் இரண்டு சேனல்தான் போகும். மீதி மூன்றை ரிசீவர் சொந்தமாகக் கற்பனை செய்து ஊதிக்கொண்டிருக்கும். "பிட்ஸ்ட்ரீம்" அல்லது "பாஸ்த்ரூ" என்று மாற்றினால் உண்மையான 5.1 வரும். ஒயர்களில் பிளஸ்ஸும் மைனஸும் எல்லாப் பெட்டியிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்பதையும் அப்படியே பார்த்துவிடலாம். ஒரு பக்கம் மட்டும் மாறியிருந்தால் பேஸ் மெலிந்து, நடுவில் நிற்க வேண்டிய பாடகர் அறை முழுவதும் கரைந்துபோவார்.

இசைக்கு நான் வைத்த சோதனை மிருதங்கம். அதன் வலந்தலை கணீரென்று உயரத்தில் பேசும், தொப்பி தாழ்வில் உருளும். 80 ஹெர்ட்ஸில் வெட்டி இரண்டு வேறு பெட்டிகளுக்குப் பங்கு போட்டால், தொப்பியின் அடிநாதம் சப்வூஃபருக்கும் மற்றதெல்லாம் முன்பெட்டிகளுக்கும் போகும். அமைப்பு சரியில்லை என்றால் ஒரே வித்வானின் இரண்டு கைகளும் வேறு வேறு இடத்தில் வாசிக்கும். இடது கை கொஞ்சம் பிந்திவரும். எந்த வெடிச்சத்தமும் காட்டிக்கொடுக்காத பிழையை இது உடனே காட்டிக்கொடுத்தது. மைக் அளவீட்டுக்குப் பிறகு கைகள் இரண்டும் ஒரே உடம்புக்குத் திரும்பிவிட்டன. ஆனால் சப்வூஃபரின் அளவு ரிசீவர் நிர்ணயித்ததைவிட இரண்டு டெசிபெல் குறைவாக இருந்தால்தான் எனக்குப் பிடிக்கிறது. படத்துக்கு மறுபடி இரண்டு டெசிபெல் ஏற்றிக்கொள்கிறேன். இரண்டுக்கும் பொதுவாக ஒரே அமைப்பு வைத்துக்கொள்பவர்கள் பாக்கியசாலிகள்.

இரவில் சத்தத்தைக் குறைத்துப் பார்க்கும்போது சப்வூஃபர் தானாகத் தூங்கிவிடுகிறது, தாழ்ந்த ஒலி வந்தாலும் எழுந்திருப்பதில்லை. திடீரென்று ஒரு இடி வந்தால் "டக்" என்று விழித்து, இடி முடிந்த பிறகு வேலைக்கு வருகிறது. பின்பக்கம் "ஆட்டோ" என்று இருந்த சுவிட்சை "ஆன்" என்று மாற்றிவைத்தேன். மின்சாரம் கொஞ்சம் வீண், பரவாயில்லை. அதே இரவு நேரத்துக்கு ரிசீவரில் டைனமிக் ரேஞ்சைச் சுருக்கும் வசதி உண்டு. முணுமுணுப்பை ஏற்றி, மோதலை இறக்கித் தரும். அதைப் போட்டால் படத்தின் உயிர் பாதி போய்விடுகிறது. பக்கத்து அறையில் யாராவது தூங்கினால் போடுகிறேன், இல்லாவிட்டால் இல்லை.

தலைக்கு மேலிருந்தும் ஒலி வரச் செய்யும் டால்பி அட்மாஸ் 2012இல் திரையரங்குகளுக்கு வந்ததிலிருந்து, கூரையிலும் ஸ்பீக்கர் இருந்தால்தான் ஹோம் தியேட்டர் என்கிற பேச்சு ஓடுகிறது. என் ரிசீவரிலும் அதற்கான இணைப்புகள் காலியாக இருக்கின்றன. என் அறைக்கு அது அடுத்த தேவை என்று நான் நினைக்கவில்லை. சோபாவின் நடுவில் பேஸ் இப்போது அருமையாக இருக்கிறது, வலது ஓரத்தில் இன்னும் பாதிதான் கேட்கிறது. ஒரே சப்வூஃபரை எங்கே நகர்த்தினாலும் ஒரு இருக்கைக்குக் கொடுத்ததை இன்னொரு இருக்கையிடமிருந்து பிடுங்கியாக வேண்டும். இரண்டு இருந்தால், எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் வைத்து இந்த ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யலாம். பின்சுவரின் நடுவில் அலமாரி நிற்கிறது. அதை முதலில் நகர்த்த வேண்டும்.